புதுச்சூழல் சோதனையும் அதன் வரம்புகளும்: குழந்தையின் பிணைப்பை அளப்பது பற்றிய ஒரு விமர்சனம்

குழந்தை தன்னை வளர்ப்பவரோடு முதல் ஓரிரு ஆண்டுகளில் கொள்ளும் நெருங்கிய உறவை உளவியலார் பிணைப்பு என்பர். வகுப்பறைகளில் அட்டாச்மெண்ட் என்று சொல்லப்படுவது இதுவே. பிற்காலத்தில் ஒருவர் தம் உணர்ச்சிகளைக் கையாளும் விதத்துக்கும் பிறரை நம்பிப் பழகும் விதத்துக்கும் இந்த முதல் உறவு அடித்தளமாகிறது என்பது பிணைப்புக் கோட்பாட்டின் சாரம். இந்த உறவின் தன்மையை அறிய மேரி எயின்ஸ்வர்த் என்ற உளவியலாளர் 1960-களில் உருவாக்கிய ஆய்வுமுறையே புதுச்சூழல் சோதனை. உளவியல், ஆசிரியர் கல்வி, செவிலியர் கல்வி, சமூகப்பணி ஆகிய படிப்புகளில் இது தவறாமல் இடம்பெறுகிறது.

பாடநூல்களில் இச்சோதனை பெரும்பாலும் ஓர் அட்டவணையாகச் சுருங்கிவிடுகிறது. குழந்தைகள் மூன்று வகை, ஒவ்வொரு வகையும் இத்தனை விழுக்காடு, ஒவ்வொரு வகைக்கும் காரணமான தாய் இப்படிப்பட்டவர் என்று மாணவர்கள் படித்துத் தேர்வில் எழுதுகின்றனர். இந்தச் சுருக்கம் பிழையான ஒரு முடிவுக்கு இட்டுச் செல்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். சோதனை காட்டுவது, ஒரு குழந்தையின் அன்றாட வாழ்க்கையும் ஓர் அந்நிய அறையும் சந்திக்கும்போது நிகழ்வதை. அதைத் தாய்க்கு வழங்கப்பட்ட மதிப்பெண்ணாக வாசிப்பது கோட்பாட்டுக்கும் நல்லதல்ல, தாய்க்கும் நல்லதல்ல.

கோட்பாட்டின் பின்னணி

பிணைப்புக் கோட்பாட்டை வகுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990). இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளின் மனநலம் குறித்து அவர் எழுதிய அறிக்கையை உலக சுகாதார நிறுவனம் 1951-இல் வெளியிட்டது. உணவும் மருந்தும் மட்டும் குழந்தைக்குப் போதா, நிலையான அன்புறவும் வேண்டும் என்பது அதன் மையக் கருத்து.

அக்காலத்தில் இது எளிதில் ஏற்கப்பட்ட கருத்தன்று. தாய் பசியைத் தணிப்பதால்தான் குழந்தை அவளிடம் ஒட்டுகிறது என்று நடத்தையியலாரும் உளப்பகுப்பாய்வாளரும் தத்தம் வழியில் நம்பினர். பால் தரும் கம்பித் தாயைவிட, பால் தராத துணித் தாயைக் கட்டிக்கொண்டே குரங்குக் குட்டிகள் பெரும்பாலான நேரத்தைக் கழித்ததை ஹாரி ஹார்லோ 1958-இல் வெளியிட்டபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி நாளுக்கு நாள் வாடுவதை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் படமாக்கிக் காட்டினார். நோயுற்ற குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க வேண்டும் என்று பிளாட் குழு 1959-இல் பரிந்துரைத்ததற்கு இத்தகைய சான்றுகளும் காரணமாயின.

ராபர்ட்சன் படமெடுத்துக் காட்ட வேண்டியிருந்த ஒன்றுக்குத் தமிழில் முன்பே சொல் உண்டு. தாயைப் பிரிந்து சாப்பிடாமல் சோர்ந்து கிடக்கும் குழந்தையை “ஏங்கிப்போயிற்று” என்கிறோம். புதியவரைக் கண்டு அழத் தொடங்கும் பருவத்தை “வேற்றுமுகம் பார்க்கிறது” என்கிறோம். கோட்பாடு விளக்க முனைந்த நிகழ்வுகள் மெய்யானவை. எல்லாச் சமூகங்களும் கண்டறிந்தவை. விவாதம் அவை உண்டா என்பது பற்றியதன்று, அவற்றை அளக்கும் முறை பற்றியது.

சோதனை நடைபெறும் முறை

ஏறத்தாழ 12 முதல் 18 மாதம் வரையுள்ள குழந்தை, தாயுடன் பொம்மைகள் உள்ள ஓர் அறைக்கு அழைத்து வரப்படுகிறது. சோதனை எட்டுக் கட்டங்களைக் கொண்டது. முதல் கட்டம் மிகக் குறுகியது. மற்றவை தலா மூன்று நிமிடம். தாயும் குழந்தையும் தனித்திருக்கின்றனர், அறிமுகமில்லாத ஒரு பெண் உள்ளே வருகிறார், தாய் வெளியேறுகிறார், திரும்பி வருகிறார், மீண்டும் வெளியேறும்போது குழந்தை முற்றிலும் தனியே விடப்படுகிறது, முதலில் அந்தப் பெண்ணும் பின்னர் தாயும் திரும்புகின்றனர். குழந்தை மிகவும் கலங்கினால் கட்டத்தை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும் என்பது விதி.

பலரும் நினைப்பதுபோல் தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பது இங்கு முதன்மையானதன்று. தாய் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதே வகைப்பாட்டைத் தீர்மானிக்கிறது. தாயிடம் சென்று ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடும் குழந்தை பாதுகாப்பான பிணைப்பு உடையது. தாயைக் கவனியாததுபோல் முகம் திருப்பிக்கொள்வது விலகும் பிணைப்பு. தாயைப் பற்றிக்கொண்டே உதறவும் செய்து, ஆறுதல் அடையாமல் அழுதுகொண்டிருப்பது இருமனப் பிணைப்பு. எயின்ஸ்வர்த்தும் அவருடைய குழுவினரும் 1978-இல் வெளியிட்ட நூலில் 106 குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முதல் வகையிலும், ஐந்தில் ஒரு பங்கினர் இரண்டாம் வகையிலும், எஞ்சியோர் மூன்றாம் வகையிலும் அடங்கினர். இவற்றுள் அடங்காத குழந்தைகளுக்காக மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் 1980-களில் சீர்குலைந்த பிணைப்பு என்ற நான்காம் வகையைச் சேர்த்தனர்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த 106 குழந்தைகளும் அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியைச் சேர்ந்த நடுத்தர வர்க்க வெள்ளையர் குடும்பங்களின் குழந்தைகள். பாடநூல் அட்டவணையில் “குழந்தைகள்” என்று பொதுவாகக் குறிக்கப்படுவோர் இவர்களே.

உகாண்டாவிலிருந்து பால்டிமோருக்கு

எயின்ஸ்வர்த்தின் முதல் பிணைப்பு ஆய்வு அமெரிக்காவில் நடைபெறவில்லை. 1954–55-இல் அவர் உகாண்டாவின் கம்பாலாவை அடுத்த சிற்றூர்களில் கண்டா மக்களின் வீடுகளுக்குச் சென்று 26 குடும்பங்களைப் பார்வையிட்டார். தாயை ஓர் உறுதியான தளமாகக் கொண்டு குழந்தை தவழ்ந்து போய், சுற்றிப் பார்த்து, மீண்டும் அவளிடம் திரும்புவதை அங்கே வீட்டிலேயே தெளிவாகக் கண்டார். தாய் எழுந்து போனால் குழந்தைகள் பின்தொடர்ந்தன அல்லது அழுதன.

பின்னர் பால்டிமோரில் 26 குடும்பங்களை ஓராண்டு முழுவதும் வீட்டிலேயே கவனித்தபோது அந்தக் காட்சி அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. தாய் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போய் வருவது அக்குழந்தைகளுக்குப் பழகிய செய்தி. வீட்டில் அவர்கள் கலங்கவில்லை. எனவே அக்குழந்தைகளுக்குக் கலக்கம் தரத்தக்க ஒரு புதிய சூழலை ஆய்வகத்தில் அமைக்க வேண்டியதாயிற்று. அதுவே புதுச்சூழல் சோதனை.

ஆகவே இச்சோதனை தொடக்கத்திலேயே ஓர் உள்ளூர்த் தேவைக்காக உருவான கருவி. பிரிவுக்குப் பழகிய குழந்தைகளிடம் ஓரளவு கலக்கத்தை எழுப்பும் அளவுக்கு அதன் அழுத்தம் அமைக்கப்பட்டது. பிரிவுக்குப் பழகாத குழந்தையிடம் அதே அழுத்தத்தைச் செலுத்தினால் விளைவது ஓரளவு கலக்கமாக இராது. ஒரே அறை, ஒரே மூன்று நிமிடம் என்பதால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சோதனை நடக்கிறது என்று கொள்ள முடியாது.

சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் மற்றொன்றையும் விட்டுவிட்டனர். எயின்ஸ்வர்த் 20 நிமிடப் பார்வையை மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு பால்டிமோர்க் குழந்தையையும் வீட்டில் சுமார் 72 மணி நேரம் கவனித்த குறிப்புகளோடு அதை ஒப்பிட்டார். அந்த ஒப்பீடுதான் வகைகளுக்குப் பொருள் தந்தது. வீட்டுக் குறிப்புகள் இல்லாத இடத்தில் வகைப் பெயர் மட்டுமே மிஞ்சுகிறது.

பீலஃபெல்டும் சப்போரோவும்

சோதனை பிற நாடுகளுக்குச் சென்றபோது இந்தச் சிக்கல் வெளிப்பட்டது. வட ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் காரின் குரோஸ்மனும் கிளாஸ் குரோஸ்மனும் 49 குழந்தைகளை ஆராய்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் விலகும் வகையில் அடங்கினர். ஜப்பானின் சப்போரோ நகரில் கெய்கோ தகஹாஷி 60 குழந்தைகளிடம் நடத்தி 1986-இல் வெளியிட்ட ஆய்வில் விலகும் வகையில் ஒரு குழந்தைகூட இல்லை. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இருமன வகையில் அடங்கினர்.

அட்டவணையை அப்படியே பொருத்தினால், பீலஃபெல்டின் தாய்மாருள் பாதிப்பேர் அன்பற்றவர்கள், சப்போரோவின் தாய்மாருள் மூன்றில் ஒருவர் நிலையற்றவர் என்று சொல்ல வேண்டிவரும். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. குழந்தை சீக்கிரம் தன் காலில் நிற்க வேண்டும், ஒட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு பீலஃபெல்ட் குடும்பங்களில் வலுவாக இருந்ததை குரோஸ்மன் இணையர் சுட்டினர். ஜப்பானியக் குழந்தைகள் அந்த வயதில் தனியே விடப்படுவது அரிது என்பதால், தனித்து விடும் கட்டம் அவர்களுக்கு அளவுமீறிய அழுத்தமாகிவிட்டது என்று தகஹாஷி விளக்கினார்.

இதிலிருந்து “ஜெர்மானியர் இப்படி, ஜப்பானியர் அப்படி” என்ற முடிவுக்குத் தாவுவதும் பிழையே. மரினஸ் வான் ஐசென்டோர்னும் பீட்டர் குரோனென்பெர்கும் 8 நாடுகளைச் சேர்ந்த 32 ஆய்வுகளை, அதாவது 1,990 குழந்தைகளின் முடிவுகளை, 1988-இல் தொகுத்தனர். நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் உள்ள ஆய்வுகளுக்கு இடையிலான வேறுபாடு சுமார் ஒன்றரை மடங்கு பெரியதாக இருந்தது. பாதுகாப்பான பிணைப்பே பெரும்பாலான ஆய்வுகளில் மிகுதியாகக் காணப்பட்டது. இது கோட்பாட்டுக்குச் சாதகமான சான்று. ஆயினும் அந்த 32 ஆய்வுகளுள் 18 அமெரிக்காவில் நடந்தவை. இந்தியாவிலோ ஆப்பிரிக்காவிலோ நடந்த ஆய்வு ஒன்றும் அதில் இல்லை. மானுடப் பொதுமையை நிறுவ இந்தத் தளம் போதாது.

வளர்ப்பவர் ஒருவரா, பலரா?

குழந்தைக்கு முதன்மையான ஒருவரிடமே தனித்தன்மை வாய்ந்த பிணைப்பு உருவாகிறது என்ற சாய்வு பௌல்பியின் தொடக்க எழுத்துகளில் இருந்தது. சோதனையும் அதே வடிவில் அமைந்தது: அறைக்குள் வருபவர் தாய், வெளியே போகிறவரும் தாய். ஆனால் ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளை ஆராய்ந்து 1964-இலேயே வேறொன்றைக் காட்டினர். ஒன்றரை வயதாகும்போது பெரும்பாலான குழந்தைகள் தந்தை, பாட்டி, தாத்தா, உடன்பிறந்தோர் எனப் பலரிடம் பிணைப்புக் கொண்டிருந்தனர். பலரால் வளர்க்கப்படுவது கிழக்கு நாடுகளின் தனிப்பண்பு என்ற எண்ணத்துக்கு இது மறுப்பு.

ஜெர்மானிய உளவியலாளர் ஹைடி கெல்லர் இந்த விமர்சனத்தைக் கடுமையாக முன்வைத்தவர். கேமரூன் நாட்டின் இன்சோ உழவர் சமூகத்தில் அவரும் உடன் ஆய்வாளர்களும் கண்டது, குழந்தை பல கைகளில் வளர்வதும் புதியவரிடம் அமைதியாகச் செல்வது நல்ல குழந்தைக்கு அடையாளமாகக் கருதப்படுவதும் ஆகும். சோதனை அறையில் அந்த அமைதியை விலகல் எனக் குறித்தால், அச்சமூகம் பாராட்டி வளர்த்த ஒரு திறன் குறைபாடாகப் பதிவாகிவிடும்.

தமிழ்ச் சூழலுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு மானுடவியலாளர் மார்கரெட் டிராவிக் எழுதி 1990-இல் வெளிவந்த நூல். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு கூட்டுக் குடும்பத்தோடு தங்கி, அங்கு அன்பு எப்படி வெளிப்படுகிறது என்பதை அவர் பதிவு செய்தார். அன்பின் தன்மைகளாக அவர் எடுத்துக்கொண்டவற்றுள் அடக்கம், பழக்கம் போன்ற தமிழ்ச் சொற்களே இருக்கின்றன. தாயன்பு அடக்கப்பட வேண்டியது. தன் குழந்தையை வெளிப்படையாகக் கொஞ்சுவதோ ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பதோ கண்ணேறு தரும் என்ற எண்ணம் அங்கு இருந்தது. குழந்தைகள் ஒருத்தியின் பிள்ளை என்ற எல்லைக்குள் நிறுத்தப்படாமல், வீட்டுப் பெண்கள் எல்லாருடைய பிள்ளைகளாகவும் கலந்து வளர்வதை அவர் விவரிக்கிறார்.

இத்தகைய வீட்டிலிருந்து ஒரு தாயையும் குழந்தையையும் சோதனை அறைக்கு அழைத்து வந்தால் என்ன ஆகும்? மடியை விட்டு இறங்காத குழந்தை அலறலாம். பல இடுப்புகளில் வளர்ந்த குழந்தை அந்தப் புதிய பெண்ணிடமே ஆறுதல் பெறலாம். அன்பை அடக்கிக் காட்டும் தாயின் வரவேற்பு பார்வையாளருக்குக் குளிர்ச்சியாகத் தோன்றலாம். இந்த மூன்றையும் பிரித்தறியும் வசதி 20 நிமிடப் பார்வையில் இல்லை. அவர்களுடைய வீட்டைப் பார்த்தவருக்கே அது புலப்படும்.

தாயின் பங்கு எவ்வளவு?

தாயின் கூர்ந்துணரும் பண்பு, அதாவது குழந்தையின் குறிப்பறிந்து உரிய நேரத்தில் செயல்படுவது, பாதுகாப்பான பிணைப்புக்குக் காரணம் என்பது எயின்ஸ்வர்த்தின் முடிவு. பாடநூல்கள் இதை முழு விடையாகவே தருகின்றன. ஆனால் மரியான் டி வொல்ஃபும் வான் ஐசென்டோர்னும் 1997-இல் 66 ஆய்வுகளைத் தொகுத்தபோது, இவ்விரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு சுமார் 0.24 என்றே கிடைத்தது. தொடர்பு உண்டு, ஆனால் குழந்தைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதியை அது விளக்கவில்லை. குழந்தையின் பிறவிச் சுபாவமே சோதனை அறையில் வெளிப்படுகிறது என்று ஜெரோம் கேகன் வாதிட்டார்.

சுபாவம் என்ற விளக்கத்தோடும் நின்றுவிட முடியாது. நெதர்லாந்தில் டிம்ஃப்னா வான் டென் போம், எளிதில் எரிச்சலடையும் 100 குழந்தைகளை, வருவாய் குறைந்த குடும்பங்களிலிருந்து தேர்ந்தெடுத்தார். ஒரு பகுதித் தாய்மாருக்குக் குழந்தையின் குறிப்பறிந்து செயல்பட வீட்டிலேயே சில அமர்வுகளில் பயிற்சி தரப்பட்டது. ஓராண்டு நிறைவில் அவர்களுடைய குழந்தைகளிடம் பாதுகாப்பான பிணைப்பு மற்றவர்களைவிடத் தெளிவாக மிகுந்திருந்தது. 1994-இல் வெளிவந்த இந்த ஆய்வு நம்பிக்கை தருவது. வளர்ப்பு முறை மாறினால் பிணைப்பும் மாறக்கூடும். அதற்குத் தேவைப்பட்டது பழி அன்று, உதவி.

சோதனைக்கு ஆதரவான மற்றொரு சான்றையும் சொல்ல வேண்டும். விலகும் வகைக் குழந்தைகள் அமைதியாகத் தோன்றினாலும் பிரிவின்போது அவர்களுடைய இதயத்துடிப்பு உயர்வதை கோட்ஃப்ரீட் ஸ்பாங்லரும் காரின் குரோஸ்மனும் 1993-இல் காட்டினர். வெளித்தோற்றத்துக்குப் பின்னால் ஒரு கலக்கம் உண்டு என்ற எயின்ஸ்வர்த்தின் ஊகம் அக்குழந்தைகளைப் பொறுத்தவரை சரியே. எல்லாச் சமூகங்களிலும் எல்லா அமைதிக்கும் இதே பொருள் உண்டா என்பது தனியே ஆராயப்பட வேண்டியது.

கோட்பாட்டின் உண்மையான வலு

பிணைப்புக் கோட்பாட்டை வலுவாகத் தாங்கி நிற்கும் சான்று, நடுத்தர வர்க்கக் குழந்தைகளின் வகைப்பாட்டில் இல்லை. நிலையான வளர்ப்பவரே இல்லாத குழந்தைகளிடம் இருக்கிறது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோர் 2000-களின் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தனர். குலுக்கல் முறையில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பத்துக்குச் சென்றவர்களிடம் பிணைப்பும் உணர்ச்சி வெளிப்பாடும் மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் சென்றவர்களிடம் முன்னேற்றம் பெரிதாக இருந்தது.

இங்கே கேள்வி, தாய் கொஞ்சினாளா அடக்கினாளா என்பதன்று. நாளுக்கொருவர் மாறும் பணியாளர்களுக்கு நடுவில், தன்னை அறிந்த ஒருவர்கூட இல்லாமல் ஒரு குழந்தை வளர்கிறதா என்பதே. ஒருவரா பலரா என்பதைவிட, இருப்பவர்கள் நிலையாக இருக்கிறார்களா என்பது முக்கியம். கூட்டுக் குடும்பத்தின் பல கைகளும் காப்பகத்தின் பல கைகளும் எண்ணிக்கையில் ஒன்றுபோல் தோன்றலாம். முன்னதில் அதே கைகள் மறுநாளும் வருகின்றன.

தவறாகப் பயன்படும் இடங்கள்

இந்த வேறுபாட்டை மறந்தால் விளைவு வகுப்பறையோடு நிற்பதில்லை. பிரிந்த பெற்றோருள் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும், குழந்தையைக் குடும்பத்திலிருந்து அகற்ற வேண்டுமா போன்ற வழக்குகளில் பிணைப்பு வகைப் பெயர்கள் சில நாடுகளில் சான்றாக எடுத்தாளப்பட்டன. சீர்குலைந்த பிணைப்பு என்ற வகையைக் கொண்டு ஒரு தனிக் குழந்தை கொடுமைக்கு உள்ளானது என்று தீர்மானிக்க முடியாது எனப் பிணைப்பு ஆய்வாளர்களே 2017-இல் கூட்டாக எழுதினர். 2021-இல் 70 ஆய்வாளர்கள் குடும்ப நீதிமன்றங்களில் கோட்பாடு தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது குறித்து மீண்டும் எச்சரித்தனர். குழுக்களை ஒப்பிட உதவும் ஒரு கருவி, தனி ஒருவரைப் பற்றித் தீர்ப்புக் கூறும் கருவி ஆகாது என்பது அவர்கள் வலியுறுத்தியவற்றுள் ஒன்று.

நம் சூழலில் இதன் மறுவடிவம் வேலைக்குச் செல்லும் தாய்மீது சுமத்தப்படும் குற்றவுணர்ச்சி. “தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் பிணைப்பு கெட்டுவிடும்” என்ற வாக்கியம் கோட்பாட்டின் பெயரால் சொல்லப்படுகிறது. நாள்தோறும் சில மணி நேரம் பிரிந்து மாலையில் திரும்பும் தாயும், ராபர்ட்சன் படத்தில் மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட சிறுமியின் நிலையும் ஒன்றல்ல. தாயிழப்பு என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நிலைகள் குழப்பப்படுவதை மைக்கேல் ரட்டர் 1972-லேயே பிரித்துக் காட்டிவிட்டார். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கி, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. கோட்பாட்டிலிருந்து நியாயமாக எழும் கேள்வி, அந்தக் காப்பகத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஆறு மாதம் கழித்தும் அங்கு இருப்பாரா என்பதே. அதைத் தாயிடம் கேட்பதில் பயனில்லை. நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

மாணவர்கள் கேட்க வேண்டியவை

பிணைப்பு வகைகள் பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. முதலாவது, இந்தக் குழந்தைகள் அன்றாடம் எத்தனை முறை, யாரிடம், எவ்வளவு நேரம் விடப்படுகிறார்கள்? இரண்டாவது, சோதனையோடு வீட்டுப் பார்வையும் சேர்க்கப்பட்டதா? மூன்றாவது, அறைக்குள் அழைத்து வரப்பட்டவர்தான் அக்குழந்தை துயரத்தில் தேடும் முதல் ஆளா?

விடைத்தாளில் விழுக்காடுகளை எழுதும்போது, அவை எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனை குழந்தைகளிடம் பெறப்பட்டவை என்பதையும் ஒரு வரியில் சேர்த்து எழுதலாம். எயின்ஸ்வர்த் தம் நூலில் அவற்றை மறைக்கவில்லை. சுருக்கி எழுதியவர்களே விட்டுவிட்டனர். தமிழ்க் குடும்பங்களைப் பற்றி இத்தகைய ஆய்வு செய்ய முற்படும் மாணவர், சோதனை அறையை அமைப்பதற்கு முன் எயின்ஸ்வர்த் உகாண்டாவில் முதலில் செய்ததைச் செய்ய வேண்டும்: வீட்டுத் திண்ணையில் பல நாள் உட்கார்ந்து, குழந்தை யாரிடம் தவழ்ந்து போகிறது என்று பார்க்க வேண்டும்.